முடியாது அங்கிளின் எட்டுக் குழாய்

அமெரிக்காவில், எங்கள் பேர்லேண்டில் எல்லோரும் சேர்ந்து ‘முடியாது’ என்று சொன்னதைவிட, அவர் ஒருவர் சொன்னது அதிகம். அதனால் அவர் பெயரே முடியாது அங்கிள். சொந்தப் பெயர் கோயிலில் அர்ச்சனையின்போது மட்டும் காதில் விழும்.

வாசல் கதவுக்குப் பழுப்பு பெயிண்ட் அடிக்கச் சொன்னது குடியிருப்போர் சங்கம். முடியாது என்றார். டாக்டர் காப்பியை நிறுத்தச் சொன்னார். அதே பதில். பொங்கல் விழாவில் வரவேற்புரை பேசக் கூப்பிட்டார்கள். மேடை ஏறி, மைக்கைப் பிடித்து, "முடியாது" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அன்றைக்கு அவ்வளவு கைதட்டல் வேறு யாருக்கும் கிடைக்கவில்லை.

அவர் வீட்டு டிரைவ்வேயில் ஒரு பழைய கார். எட்டு சிலிண்டர். என்னைவிட மூத்தது. இன்ஜின் புகை வெளியேறும் இரும்பு விரிசல் விட்டது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு, அதற்குப் பதிலாக ஹெடர் என்ற புகைக்குழாய்க் கொத்து வாங்கி வந்தார். பக்கத்துக்கு நாலாக எட்டுக் குழாய். கை நடுங்கப் பிழிந்த தேன்குழல் மாதிரி வளைந்திருக்கும்.

சங்கத்து ஆள் வந்தார். ஓடாத காரை வெளியே நிறுத்தக் கூடாதாம். சனிக்கிழமை காலை அது தானாக நகர வேண்டும். நகராவிட்டால் கட்டி இழுத்துப் போய்விடுவார்களாம்.

வேறு மாநிலத்தில், ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் இருக்கும் மகன் போன் ஸ்பீக்கரில் வந்தான்.

"டாட், ஜஸ்ட் செல் இட்."

"உன்ன வேணா விக்கறேன். இத முடியாது."

கோயில் சமையலறையில் அண்டா தூக்குகிறவன் நான். அந்தப் பலத்துக்காக என்னைக் கூப்பிட்டார்.

டிரைவர் பக்கத்து ஹெடர் மேலிருந்து இறங்கவில்லை. ஸ்டியரிங் தண்டு தடுத்தது. காரை ஸ்டாண்டில் ஏற்றி, அடியிலிருந்து நுழைத்தோம். நுழைந்தது. கேஸ்கெட்தான் நிற்கவில்லை. குழாய்க்கும் இன்ஜினுக்கும் நடுவே உட்காரும் மெல்லிய தகடு அது. ஒழுங்காக உட்காராவிட்டால் புகை கசியும். குழாயை நெருக்கும்போதெல்லாம் நழுவி, கீழே படுத்திருந்த அங்கிள் மூஞ்சியில் விழுந்தது.

தெருவிலிருந்த ஐடி ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"அங்கிள், யூடியூப் பாத்தீங்களா?"

"நீ போய்ப் பாரு. நான் படுத்திருக்கேன்."

"க்ளூ போட்டு ஒட்டிடலாமே?"

"உன் வாய்க்குப் போடு."

ஆன்ட்டி ஓரமாக நாற்காலி போட்டு அம்மனுக்கு மல்லிகை கட்டிக்கொண்டிருந்தார். பூவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஏங்க, அந்தக் குழாய வெளிய எடுங்க."

பூக்கட்டும் நூலை போல்ட் ஓட்டை வழியாக விட்டு, கேஸ்கெட்டைக் குழாயோடு சேர்த்து முடிச்சுப் போட்டார். பூ முடிச்சு. தகடு அசையவில்லை. மறுபடி ஏற்றி, மற்ற போல்ட்டுகளை விரலால் திருகிவிட்டு, நூலை அறுத்தோம். பிறகு ஸ்பானர்.

"பொட்டு வைக்காம ஸ்டார்ட் பண்ணக் கூடாது" என்றார் ஆன்ட்டி.

அங்கிள் வாயைத் திறந்தார். ஆன்ட்டி கையிலிருந்த நூலைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். எட்டுக் குழாயிலும் சந்தனம், குங்குமம். தாராளமாக.

சனிக்கிழமை சங்கத்து ஆள் வந்து நின்றார். அங்கிள் சாவியைத் திருப்பினார். இன்ஜின் உறுமியது. வீட்டுக்கு வீடு நாய் குரைத்தது. குழாய் சூடேறியது. சந்தனம் கருகி, பானெட்டைச் சுற்றி வெள்ளைப் புகை கிளம்பியது. தெருவெல்லாம் கோயில் வாசனை.

"சார், இட்ஸ் ஆன் ஃபயர். ஷட் இட் ஆஃப்."

"முடியாது" என்றார் அங்கிள். தமிழில்தான் சொன்னார். சங்கத்து ஆளுக்குப் புரிந்துவிட்டது.

கார் பின்னால் நகர்ந்து, சக்கரத்தடியில் ஆன்ட்டி வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை நசுக்கி, தெருவுக்கு இறங்கியது. புகையோடு ஒரு சுற்று. சுவாமி புறப்பாடு மாதிரி ஐடி ஆட்கள் பின்னால் நடந்தார்கள். அங்கிள் திரும்பி வந்து பழைய இடத்திலேயே நிறுத்தினார்.

"மூவ் ஆச்சா?" என்று கேட்டார்.

சங்கத்து ஆள் இருமிக்கொண்டே தலையாட்டினார். கட்டி இழுக்க வந்த லாரி காலியாகத் திரும்பியது.

பொட்டு எட்டும் தீய்ந்து, கறுப்பாகக் குழாயில் ஒட்டிவிட்டது. தேய்த்தாலும் போகாது. அங்கிள் தேய்க்கவும் இல்லை.

புது ஹெடர் சூடாகி ஆறிய பிறகு போல்ட்டை மறுபடி இறுக்க வேண்டும். அதற்கு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டார். அடுத்த ஞாயிறும் கூப்பிட்டார். இப்போதும் கூப்பிடுகிறார். இறுக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஸ்பானரை எடுத்துக்கொண்டு போகிறேன்.