வெடிக்கு அசையாத ராசா

நாய் பார்த்து எடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று எங்கள் ஊரில் ஒருவர் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த ஒருவர் நான்தான். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. அந்த வயதில் மனிதனுக்குத் தெரியாத விஷயம் ஒன்றிரண்டுதான் இருக்கும். எனக்கு அதுவும் இல்லை.

அறுபதுகளின் நடுவில், மழை எங்கள் பக்கம் இரண்டு வருஷமாக எட்டிப் பார்க்காத சமயம். ஆமத்தூருக்குத் தெற்கே எங்கள் ஊர். (ஊர் என்றால் நாற்பது வீடு, ஒரு டீக்கடை. டீக்கடையில் எந்நேரமும் பத்துப் பேர். டீ குடிப்பவர் இரண்டு பேர்.) மானாவாரிக் காடு காய்ந்து கிடந்ததால், உழுது பிழைக்கிற சம்சாரிகளெல்லாம் காலையிலேயே சிவகாசிப் பக்கம் வேலைக்குக் கிளம்பிவிடுவோம். நான் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லாரிக்கு லோடு ஏற்றும் இடத்தில் மேஸ்திரி. என் மனைவி செல்லத்தாய் பக்கத்து ஊர்த் தீப்பெட்டி ஆபீசில் மரச்சட்டத்தில் தீக்குச்சி அடுக்கினாள். காலையில் இரண்டு பேரும் போனால் வீட்டில் சுவர்தான் காவல்.

வீட்டில் இருந்த சொத்து ஒன்றே ஒன்று. அடுப்படிக்குப் பக்கத்தில் ஆள் உயர மண் குலுக்கை. அதற்குள் விதைக் கம்பு. அடியில் தானியம் எடுக்கும் துவாரத்தைத் துணியால் அடைத்து, அதன் மேல் மண்ணும் பூசிவிட்டாள் செல்லத்தாய். ரேஷனில் போட்ட மக்காச்சோளத்தை இடித்துக் கஞ்சி காய்ச்சிக் குடித்துக்கொண்டிருந்த நாள் அது. ஒருநாள் அந்தக் கஞ்சியும் இல்லை. நான் குலுக்கையைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"மழை பெய்யிற வரைக்கும் அதுல கை வச்சீக, கையை ஒடிச்சிருவேன்" என்றாள்.

ஒடித்திருப்பாள். அன்றைக்கு இரண்டு பேரும் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தோம்.

அந்த வருஷம் ஊரில் பட்டப்பகலில் களவு ஆரம்பித்தது. ஆள் இல்லாத வீட்டில் கோழி போயிற்று, பித்தளைப் பானை போயிற்று. பிறகு மேலத்தெருவில் ஒரு வீட்டில் விதைத் தானியமே போயிற்று. அந்த வீட்டுக்காரி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்த செல்லத்தாய், "ஏங்க, ஒரு நாய் இருந்தா நல்லாருக்கும்" என்றாள்.

அவ்வளவுதான். நான் டீக்கடையில் மாநாடு கூட்டிவிட்டேன். தலைமை, செல்லத்தாயின் அண்ணன் மாரிச்சாமி.

"கோம்பை நாய் எப்படி மச்சான்?"

"நல்லாக் கடிக்கும் மாப்ளே. திருடன் வர்ற வரைக்கும் சும்மா இருக்க முடியாம உங்களைக் கடிக்கும்."

"சிப்பிப்பாறை?"

"அது ஓட்டத்துக்கு உள்ளது. திருடனை வெரட்டிக்கிட்டுச் சாத்தூர் வரைக்கும் போயிரும். அது திரும்பி வர்றதுக்குள்ள அடுத்த திருடன் வந்துருவான்."

"அப்ப நாட்டு நாயி?" என்றார் டீக்கடைக்காரர்.

"போங்கண்ணே. ஒரு வடையைப் போட்டா திருடனுக்கு அதுவே வழிகாட்டும்."

கடைசியில் நான் எழுந்து நின்று (உட்கார்ந்தே சொல்லியிருக்கலாம்) என் கண்டுபிடிப்பை வெளியிட்டேன். எங்கள் வட்டாரத்தில் எந்த நாயானாலும் வெடிக்குப் பயப்படும். கம்பெனியில் வெடி போட்டுப் பார்க்கும் நேரத்தில் சுற்றுவட்டார நாய்களெல்லாம் கட்டிலுக்கு அடியில்தான் இருக்கும். வெடியோ இங்கே மண்ணாங்கட்டி மாதிரி எங்கும் கிடைக்கிற சரக்கு. திருடன் மடியிலிருந்து ஒரு ஊசி வெடியை எடுத்துக் கொளுத்திப் போட்டால் போதும், காவல் முடிந்தது. எனவே நமக்கு வேண்டியது வெடிக்கு அசையாத நாய்!

மாரிச்சாமியே, "மாப்ளைக்கு மூளை இருக்குலே" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் கெட்டேன்.

கம்பெனி லாரி ஒன்று தென்காசிக்கு லோடு கொண்டுபோனது. அதில் ஏறி ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு மாந்தோப்பில் இறங்கினேன். அந்தத் தோப்புக்காரர் வெள்ளை நாய் வளர்ப்பவர். பஞ்சத்தில் அத்தனைக்கும் தீனி போட முடியாமல், நல்ல கையாகப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு வயது நாய்கள் ஐந்து நின்றன. பால் வெள்ளை, ரோஸ் மூக்கு. நான் மடியிலிருந்து வெடியை எடுத்தேன்.

"என்ன தம்பி பண்ணுறீக?"

"சோதனைங்கய்யா."

முதலில் ஒரு ஊசி வெடி. இரண்டு நாய்கள் வண்டிக்கு அடியில் புகுந்தன. அடுத்தது கம்பெனியில் எனக்குப் பிரியமாகக் கொடுத்த பெரிய வெடி. மாமரத்தில் இருந்த காக்காய் அத்தனையும் பறந்தன. தோப்புக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டார். இன்னும் இரண்டு நாய்கள் வேலியைத் தாண்டி ஓடியே போயின. ஐந்தாவது நாய் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி படுத்திருந்தது. காதுகூட அசையவில்லை. புகை வந்த பிறகு மட்டும் மெதுவாகத் திரும்பி, மூக்கைச் சுளித்து என்னைப் பார்த்தது. ஆகா, என்ன அலட்சியம்!

"இதுதான்யா எனக்கு" என்றேன்.

"தம்பி, அதுல ஒரு சங்கதி..."

"ஒண்ணும் சொல்லாதீக. எனக்கு நாயைப் பார்த்தாலே தெரியும்."

"இல்ல தம்பி, அது வந்து..."

"அய்யா, பெரியவுக குடுக்க மனசில்லாம பேசுறீக."

அவர் நாயின் கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டார். பாவம், நல்ல மனிதர். இரண்டு தடவை முயன்றார்.

ராசா என்று பேர் வைத்தேன். கூப்பிட்டால் வராது. "ராசாவை நாம கூப்பிட்டா வருமா? அதுக்கா மனசு வந்தாத்தான் வரும்" என்று ஊருக்கு விளக்கம் சொன்னேன். தெருநாய்கள் எதிரே நின்று குரைத்தாலும் கண்டுகொள்ளாது. "உசந்த ரகம். தரம் பார்த்துத்தான் பதில் சொல்லும்." லாரி பின்னால் வந்து ஹாரன் அடித்தாலும் நடுரோட்டில் நிற்கும். "லாரியாவது மயிராவது!" செல்லத்தாய் அதைக் கூப்பிடும்போதெல்லாம் தரையைக் காலால் ஓங்கி மிதிப்பாள். என் மேல் என்ன கோபமோ என்று நினைத்து நான் நழுவிவிடுவேன். ஒருநாள், "ஏங்க, இந்த ராசாவுக்கு..." என்று ஆரம்பித்தாள். "உனக்கு நாயைப் பத்தி என்ன தெரியும்?" என்றேன். தன் கஞ்சியில் பாதியை அதற்கு ஊற்றிவிட்டுப் போனாள்.

புரட்டாசி. தீபாவளி சீசன். மத்தியானம் லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது மாரிச்சாமி சைக்கிளில் வந்து நின்றார். வழக்கமாக வரும்போதே ஏதாவது கேலி பேசுகிறவர், அன்றைக்கு, "வீட்டுக்கு வாங்க மாப்ளே" என்று சைக்கிளைத் திருப்பினார்.

வீட்டுக்குப் போனால் தெருவே திரண்டிருந்தது. பின்கதவைக் கடப்பாரையால் பெயர்த்திருந்தார்கள். குலுக்கையின் அடித்துவாரம் திறந்து கிடந்தது. உள்ளே கையை விட்டேன். மண்தான் தட்டுப்பட்டது. செல்லத்தாய் தரையில் உட்கார்ந்து, சிந்திக் கிடந்த கம்பை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ராசா எங்கே? முன்வாசல் நடையில், தெருவைப் பார்த்தபடி, தன் பொறுப்பில் குறையில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் என்னைத் தொடர்ந்து நடைக்கு வந்த காலடி அதிர்வில் எழுந்து, அத்தனை பேருக்கும் வாலாட்டியது.

கூட்டத்தில் யாரோ, "வெடிக்கே அசையாத நாயில்ல, கடப்பாரைக்கா அசையும்?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

நான் வேலியிலிருந்து ஒரு தடியைப் பிடுங்கினேன். பிறகு நடந்ததை இவ்வளவு வருஷம் கழித்தும் என்னால் வேடிக்கையாகச் சொல்ல முடியவில்லை. அடித்தேன். அது ஓடவில்லை. குரைக்கவில்லை, சீறவில்லை. ஒவ்வொரு அடிக்கும் என் வாயையே பார்த்தது. நான் என்ன சொல்கிறேன் என்று தெரிந்துகொள்ளப் பார்த்திருக்கிறது. செல்லத்தாய் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"விடுங்க! அதுக்குக் காது கேக்காது!"



"உனக்கு எப்படித் தெரியும்?"

"வந்த மூணாம் நாளே தெரியும். தரையை மிதிச்சாத்தான் திரும்பும். சொல்ல வந்தேன். நாயைப் பத்தி உனக்கென்ன தெரியும்னீக."

"பெறகு ஏன் நீ சொல்லலை?"

"சொன்னா கொண்டுபோயி விட்டுருவீக. செவிட்டு நாய்க்கு இந்தப் பஞ்சத்துல எவன் சோறு போடுவான்?"

ஐந்தாவது நாள் மழை பெய்தது. இரண்டு வருஷமாகப் பெய்யாத மழை. மறுநாள் ஊரே ஏரும் விதைப்பெட்டியுமாகக் காட்டுக்குப் போனது. விதைக்காக நான் ஏறாத வாசல் இல்லை. யாருக்கும் கொடுக்க மனசில்லாமல் இல்லை. அவரவர் காட்டுக்கே பற்றவில்லை. செல்லத்தாய் பொறுக்கி வைத்திருந்தது இரண்டு கைப்பிடி. அதைக் கொல்லையில் தூவினாள். "நம்ம பண்ணையம் அமோகம்" என்று சொல்லிச் சிரித்துப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. களவெடுத்தவனும் எங்கள் கம்பை விதைத்திருக்க மாட்டான். அன்று ராத்திரியே இடித்துக் காய்ச்சியிருப்பான். நாங்கள் பட்டினி கிடந்து காப்பாற்றியதை எவன் வீட்டுப் பிள்ளையோ வயிறு நிறையக் குடித்திருக்கும். அப்படி நினைத்துத்தான் செல்லத்தாய் மனசை ஆற்றிக்கொண்டாள்.

அந்த வெள்ளாமையில் ரோட்டோரத்தில் எங்கள் நிலம் மட்டும் பயிரில்லாமல் கருப்பாகக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாமல் வேறு பாதையில் சைக்கிளை மிதித்தேன். அடுத்த வருஷம் நிலத்தை மாரிச்சாமியிடம் ஒப்படைத்துவிட்டுக் கம்பெனியோடு இருந்துவிட்டேன். நான் சம்சாரியாக இருந்தது அதோடு சரி.

ராசா எங்களோடுதான் இருந்தது. ஆனால் பெரிய வெடிக்கு அசையாத அந்த நாய், நான் சட்டையைக் கழற்றக் கையைத் தூக்கினால் ஒடுங்கிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கொடியில் துண்டு எடுத்தாலும் ஒடுங்கும். தடவிக்கொடுக்கப் போனாலும் கண்ணை மூடிக்கொண்டு, அடியை எதிர்பார்த்து நிற்கும். அதற்கு விளக்கம் சொல்ல எனக்கும் வழியில்லை. காது கேட்டால் அல்லவா மன்னிப்புக் கேட்க முடியும்? கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். அது இருக்கும் பக்கம் போகும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போனேன். அப்படிப் போனால் ஒடுங்காது. மாதக்கணக்கில் அப்படியே நடந்தேன். ஒருநாள் அதுவாக வந்து என் முழங்காலில் தலையைச் சாய்த்தது. நான் கையைப் பின்னாலிருந்து எடுக்கவில்லை. பயம், எனக்கு.

எட்டு வருஷம் இருந்தது.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் மாப்பிள்ளை பார்த்தாலும் சரி, மிக்ஸி வாங்கினாலும் சரி, "வெடி போட்டுப் பாத்தாச்சா?" என்று யாராவது கேட்பார்கள். எல்லோருக்கும் முன்னால் நான்தான் சிரிப்பேன். என் நடையையும் பேரப்பிள்ளைகள் விடுவதில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்தில் எனக்குப் பின்னாலேயே வரிசையாக நடந்து, "தாத்தா பாக்டரி இன்ஸ்பெக்டர் மாதிரி வர்றாரு" என்பார்கள். செல்லத்தாய் அடுப்படியிலிருந்து, "ஏலே, தாத்தாவைச் சும்மா விடுங்கலே" என்பாள். ஏன் என்று பிள்ளைகள் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. கையை முன்னால் கொண்டுவந்து நடக்கலாம் என்று சில நாள் நினைப்பேன். நாலடி போவதற்குள் அதுவாகப் பின்னால் போய்விடுகிறது.