அஞ்சம்மாள் வாங்கிக்கொண்ட நோட்டீஸ்

திண்டிவனம்,
19-8-1958

வளவனூரில் இருக்கும் அன்புள்ள மைத்துனர் பெரியதம்பி அவர்களுக்கு, தாண்டவராயன் எழுதுவது. இங்கே நான் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். அங்கே நீங்களும் குழந்தைகளும், மூன்று மாதமாக உங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட உங்கள் அக்கா கிருஷ்ணவேணியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

"வாடகை வீட்டுக்காரிக்குப் பயந்துகினு நான் அடுப்பு மூட்ட மாட்டேன், சொந்த வீடு வாங்கிட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அவள் பஸ் ஏறியது உங்களுக்குத் தெரியும். அவள் கேட்டபடியே சின்னதுரை என்பவரின் பூட்டிக் கிடந்த ஓட்டு வீட்டைப் பேசி முடித்தேன். பத்திரம் எழுதுமுன் காகிதங்களை மாசிலாமணி வக்கீலிடம் காட்டினேன் பாருங்கள், அங்கேதான் பிடித்தது சனி. மனிதர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து நான்கு நாள் படித்து, 1931-ஆம் வருஷத்துப் பாகப் பத்திரத்தில் ஒரு வரியைக் கண்டுபிடித்தார். சின்னதுரையின் அத்தை அஞ்சம்மாள், பிள்ளையில்லாத விதவை, ஆயுள் உள்ளவரை அந்த வீட்டில் குடியிருக்கலாம், யாரும் கிளப்பக் கூடாது. "அத்தை செத்து இருவது வருசம் ஆவுதுங்க, நான்தான் கொள்ளி வெச்சேன்" என்று சின்னதுரை தலையில் அடித்துக்கொண்டார். "செத்ததுக்குக் காகிதம் இருக்குதா?" என்றார் வக்கீல். மணியக்காரரின் சாவுக் கணக்கைக் கரையான் தின்றுவிட்டதாம். "அப்படின்னா சட்டப்படி உயிரோடதான் இருக்குறாங்க."

அதற்கு அவரே ஒரு வழியும் சொன்னார். அந்தப் பூட்டிய வீட்டு விலாசத்துக்கே அஞ்சம்மாள் பேரில் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புவது. 'விலாசதாரர் இறந்துவிட்டார்' என்று தபால்காரர் எழுதித் திருப்புவார். அதையே சாவுக்கு அத்தாட்சியாக வைத்துக்கொள்வது. ஆட்சேபணை இருந்தால் பதினைந்து நாளைக்குள் சொல்லவும் என்று வழக்கப்படி ஒரு வரி சேர்த்தார். நோட்டீஸ் திரும்பவில்லை. ஒப்புகை அட்டை வந்தது, அதில் இடது பெருவிரல் ரேகை! தபால்காரர் பூமாலை ஊருக்குப் புதிது. அவரைப் பிடித்துக் கேட்டேன். "வெளிய பூட்டுதாங்க தொங்கிச்சு. ஒரு கிழவி ஜன்னல்ல கைய நீட்டி, 'ஜல்தி குடுப்பா, அடுப்புல வேலை கெடக்குது'ன்னாங்க. ரேகை எடுக்கறப்ப கை மட்டும் ஜில்லுனு இருந்துச்சு" என்றார்.

வக்கீல் பூதக்கண்ணாடி வைத்து அந்த ரேகையைப் பழைய பத்திரத்தில் அஞ்சம்மாள் வைத்த ரேகையோடு ஒப்பிட்டார். இரண்டும் ஒன்றே. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன், அவருக்கோ ஒரே சந்தோஷம். "நோட்டீஸ் சரியாச் சேர்ந்துடுச்சு, வேற என்ன வேணும் உங்களுக்கு?" மறுநாள் பட்டப்பகலில் சின்னதுரையோடு வீட்டைப் பார்க்கப் போனேன். பூட்டிய கதவுக்குள்ளிருந்து கருவாட்டுக் குழம்பு கொதிக்கிற வாசனை. "பக்கத்து வீட்ல வெக்கிறாங்க" என்றார் சின்னதுரை. இரண்டு பக்கமும் வீடே இல்லை, வேர்க்கடலை போட்ட மல்லாட்டைக் கொல்லைதான் இருக்கிறது.

போகட்டும். இன்றோடு பதினைந்து நாள் முடிகிறது, ஆட்சேபணை ஏதும் வரவில்லை. "இனிமே அந்தம்மா வாயைத் தொறக்க முடியாது" என்று வக்கீல் சொல்லிவிட்டார். ஆவணியும் பிறந்துவிட்டது, வெள்ளிக்கிழமை பத்திரப் பதிவு. வியாழக்கிழமை அக்காவை பஸ் ஏற்றி அனுப்புங்கள். வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அவள் இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இனி அவள் அடுப்புக்கு அவளே எஜமானி என்று சொல்லுங்கள். அஞ்சம்மாள் விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டாம்.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், குழந்தைகள் நூறு வயது இருக்கட்டும்.

இப்படிக்கு,
தாண்டவராயன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது எனக்கே ஒரு பதிவுத் தபால் வந்தது. அஞ்சம்மாளின் வக்கீல் நோட்டீஸ். 'வீட்டைத் தாங்கள் வாங்குவதில் எமது கட்சிக்காரிக்கு ஆட்சேபணை இல்லை. தாங்கள் தனியாக வந்து குடியிருக்கலாம், சமையலை அவரே பார்த்துக்கொள்வார். ஆனால் அடுப்பங்கரையில் வேறு பெண்பிள்ளை கால் வைக்கலாகாது.' மாசிலாமணியிடம் ஓடினேன். கையெழுத்தைப் பார்த்ததும் மனிதர் எழுந்து நின்றுவிட்டார். "எங்க சீனியருங்க! இவரு எழுதினதுல ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. நாம தோத்துட்டோம்." நேரில் போய்க் கெஞ்சிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "அவரு செத்து ஆறு வருசம் ஆவுதுங்க" என்றார்.

அக்காவை பஸ் ஏற்ற வேண்டாம்.