முதல் அட்டையைக் கெடுக்கும் கலை

உலகத்தில் வளர்கிறவர்கள் உண்டு, வளராதவர்கள் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் இருக்கிறது: வளர்ந்து காட்டுகிறவர். இவரைத் தேடி நீங்கள் அலைய வேண்டாம். ஏப்ரல் மாதத்தில், இங்கிலாந்தின் லங்காஷயரில் இருக்கும் எங்கள் கல்லூரிக்கு வாருங்கள். ஊடகப் பாடத்துக்கான கணினி அறையில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அந்த அறையின் கணினிகளையும் பிரின்டரையும் பார்த்துக்கொள்வது என் வேலை.

பாடம் இதுதான். அக்டோபரில் பயிற்சிக்காகக் கல்லூரிப் பத்திரிகைக்கு ஓர் அட்டை செய்ய வேண்டும். அதற்கு மதிப்பெண் கிடையாது. பிறகு சொந்தமாக ஓர் இசைப் பத்திரிகை: அட்டை, பொருளடக்கம், இரண்டு பக்கத்துக்கு ஒரு பேட்டி. கடைசியில் ஒரு கேள்வி: முதல் அட்டையிலிருந்து இதுவரை என்ன கற்றுக்கொண்டீர்கள்? இந்தக் கேள்விக்கு மதிப்பெண் உண்டு. நம் ஆள் பிறப்பது அங்கேதான்.

இவருடைய இசைப் பத்திரிகை ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி. பெயர் 'கலகம்' அல்லது 'இரைச்சல்'. நிறம் கறுப்பு, சிவப்பு, வெள்ளை. கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இருக்கும் செங்கல் சுவரில், எந்த வாத்தியத்தையும் தொட்டறியாத நண்பன் ஒருவன், அண்ணனிடம் இரவல் வாங்கிய தோல் ஜாக்கெட்டில், கிதாரை உலக்கை மாதிரி பிடித்துக்கொண்டு, வீட்டில் யாரோ செத்துப்போன முகத்தோடு சாய்ந்து நிற்பான். (வீட்டில் யாராவது செத்தால் முகம் அப்படி இருக்காது. அது வேறு.) உள்ளே பேட்டியில், "புகழ் எங்களை மாற்றவில்லை" என்பான். எப்படி மாற்றும்? வாசகர் கருத்துக்கணிப்பும் உண்டு. பத்திரிகை முழுதாக முடிந்த பிறகு, வாசகர்கள் இதையேதான் கேட்டார்கள் என்று நிரூபிப்பதற்காக, சித்தி பிள்ளைகளிடம் எடுத்தது. மூலையில் ஒரு பார்கோடு. அதை ஒட்டக் கற்றுக்கொண்ட அன்று அவர் நடக்கிற நடையைப் பார்க்க வேண்டும்.

ஜோடி ஆர்க்ரைட் என்ற மாணவி பிறவியில் இந்த இனம் அல்ல. நாங்கள்தான் சேர்த்துவிட்டோம். அவளிடம் ஒரே ஒரு குறை இருந்தது. அக்டோபரிலேயே நன்றாகச் செய்துவிட்டாள்.

கல்லூரி கேன்டீனில் பட்டாணி பரிமாறிக்கொண்டிருந்த மரீனைப் படம் பிடித்திருந்தாள். மரீன் என் அம்மா.

"என் மூஞ்சிய அட்டையில போட்டா யாருடி வாங்குவா? பட்டாணிக்கு வர்ற கூட்டமும் ஓடிரும்" என்று அம்மா சிரித்த நொடியில் எடுத்தது. படம் என்றால் அம்மா கையால் வாயை மறைத்துக்கொள்வாள். பல் வரிசை பற்றி ஒரு வெட்கம். அன்று ஒரு கையில் கரண்டி, மறு கையில் தட்டு. மறைக்கக் கையில்லை. ஜோடி பத்திரிகையின் பெயரை மேலே சின்னதாக வைத்து, மீதி இடத்தைச் சும்மா விட்டிருந்தாள். சும்மா விடுவது இந்தத் தொழிலில் கடைசியாக வரும் பாடம்.

எனக்கு ஒரு பிரதி கேட்கத் தோன்றவில்லை. அம்மா தினமும் நேரில் கிடைத்தாள்.

பிப்ரவரியில் இறந்துபோனாள். மூளையில் ரத்தக்கசிவு.

ஏப்ரலில் ஆசிரியர் கிளெக், ஜோடியின் கல்லூரி அட்டையையும் 'கலகம்' அட்டையையும் அருகருகே வைத்துப் பார்த்தார். முகம் வாடியது.

"ரெண்டும் நல்லாருக்கே."

"தேங்க்ஸ் சார்."

"பாராட்டலம்மா. முதல்லயே நல்லாருந்தா, நீ வளர்ந்தது எங்க தெரியும்? வெளியூர்த் தேர்வாளர் என்னத்தான கேப்பாரு."

"வேணும்னா 'கலகத்த' இன்னும் நல்லாப் பண்ணட்டுமா?"

"எதுக்குச் சிரமம்? இடைவெளிதான வேணும்?" என்று கண்ணால் பழைய அட்டையைக் காட்டினார்.

கெடு என்று அவர் சொல்லவில்லை. அப்படியெல்லாம் சொல்கிற மனிதர் இல்லை. செப்டம்பரில் வகுப்பையே மக்கு என்று மதிப்பிட்டு மேலிடத்துக்கு எழுதி அனுப்பிவிட்டு, ஆகஸ்டில் தேர்வு முடிவு வந்ததும் "பாத்தீங்களா என் பிள்ளைங்கள!" என்று கேக் வெட்டுகிற மனிதர்.

ஜோடிக்கு லீட்ஸில் வடிவமைப்புப் படிக்க ஆசை. இந்தப் பாடத்தில் முதல் தரம் வாங்கினால்தான் இடம்.

மறுநாள் பிரின்டர் ஒரு காகிதத்தைத் துப்பியது. பின்னணி கண்ணைக் குத்தும் பச்சை. எழுத்து ஒவ்வொரு வரிக்கும் ஒரு விதம். அம்மாவின் முகம் பூசணிக்காய் போல அகலமாக இழுக்கப்பட்டிருந்தது. வாய்க்கு மேல் மஞ்சள் நட்சத்திரம்: 'உள்ளே இலவசம்!' கெடுப்பதிலும் அவள் கெட்டிக்காரி.

எடுத்துக்கொண்டு ஜோடியிடம் போனேன்.

"இது எங்கம்மா."

"தெரியும், ஏட்ரியன்." காது வரை சிவந்துவிட்டாள். "இது அசிங்கமா இருந்தாத்தான் அது அழகுன்னு நம்புவாங்களாம். நான் லீட்ஸ் போகணும்."

"பழைய படம் எங்க? கேமராவுல இருந்ததையெல்லாம் அழிச்சாச்சு. நீ இதையும் அதே ஃபைல்லயே சேமிச்சுட்ட."

"இருக்கு."

"எங்க இருக்கு?"

பக்கத்து நாற்காலியிலிருந்து அவள் தோழி, "அவரு மூஞ்சியப் பாருடி, சீக்கிரம் காட்டித் தொலை" என்றாள்.

அந்த மென்பொருளில் படம் அடுக்கு அடுக்காக இருக்கும், கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்த மாதிரி. ஒவ்வோர் அடுக்குக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கண். அதை அழுத்தினால் அடுக்கு மறையும், அழியாது. ஜோடி அழுத்திக்கொண்டே போனாள். நட்சத்திரம் போயிற்று. எழுத்து போயிற்று. பூசணிக்காய் போயிற்று. பச்சை போயிற்று. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்த ஒன்றைத் திறந்தாள். அதன் பெயர் 'மரீன், தொடாதே'.

கரண்டி. தட்டு. பல்லெல்லாம் தெரியச் சிரிப்பு.

"'கலகத்துல' என் படத்த நானே பாழாக்கிட்டு அழுதேன்ல? அப்பறம் அசல்ல கை வைக்கிறதே இல்ல. நகல்லதான் எல்லாக் கூத்தும்."

அக்டோபரில் அவளுக்கு இது தெரியாது. அந்த வருடம் அந்த அறையில் ஒருவர் நிஜமாகவே வளர்ந்தார் என்றால், அது இந்த இடத்தில். இதற்கு மதிப்பெண்? கிடையாது. தேர்வாளர் கைக்குப் போவது காகிதம். காகிதத்தில் அடுக்கு தெரியாது.

"இதையே பதிலா எழுதேன்" என்றேன்.

"எழுதுனா முதல் அட்டை நல்லாருந்துச்சுன்னு தெரிஞ்சிருமே!"

நியாயம்தான். பச்சை அட்டையே தேர்வாளருக்குப் போயிற்று. கிளெக் அதைப் பார்த்து மனம் குளிர்ந்தார். வளர்ச்சி கண்கூடு என்று தேர்வாளர் எழுதினார். ஜோடி லீட்ஸில் இருக்கிறாள். அசல் என்னிடம் இருக்கிறது.

பிள்ளைகள் விஷயம் என்று நீங்கள் சிரிக்கலாம். கல்யாண ஆல்பத்தைப் புரட்டி, "அப்ப எவ்வளவு அசடா இருந்தேன் பாருங்க" என்று விருந்தாளியிடம் சொல்கிறவர் யார்? முதல் வேலையை நரகமாக்கி, முதல் வீட்டை எலிவளையாக்கி, இளமையை முழு முட்டாள்தனமாக்கி, அதற்குப் பக்கத்தில் இன்றைய தன்னை நிறுத்தி ரசிக்கிறவர் யார்? அன்று நீங்கள் அவ்வளவு மோசமாக இருந்திருக்க மாட்டீர்கள். படத்தை இழுத்தது நீங்கள். பச்சை பூசியதும் நீங்கள். பரவாயில்லை, எல்லோருக்கும் மதிப்பெண் வேண்டியிருக்கிறது.

ஆனால் அந்தப் பழைய படத்தில் நீங்கள் தனியாகவா நின்றிருந்தீர்கள்? பக்கத்தில் இருந்தவர்களின் முகமும் சேர்ந்துதானே இழுபட்டது? கெடுப்பதற்கு முன்னால் நகல் எடுத்தீர்களா?