அபூர்வப் பிரியரும் ஒரு மணிக்கட்டும்

நாய்ப் பிரியர் உண்டு, காப்பிப் பிரியர் உண்டு, ஓசிக் காலண்டர் பிரியர்கூட உண்டு. நான் இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்தப்போவது இவர்களில் எவரோடும் சேராத ஓர் இனம். அபூர்வப் பிரியர். மருத்துவக் கல்லூரியை ஒட்டிய பெரிய ஆஸ்பத்திரிகளில் இவர் செழித்து வளர்கிறார். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், பின்னால் ஒரு மாணவர் பட்டாளம். சாதாரணக் காய்ச்சலைக் கண்டால் கொட்டாவி விடுவார். ரத்த அழுத்தம் என்று யாராவது வந்து உட்கார்ந்தால், சொல்லாமல் வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். ஆனால் 'ஆயிரத்தில் ஒருத்தருக்குத்தான் இப்படி' என்று ஒரு வார்த்தை காதில் விழட்டும், அதுவரை முழங்கால் வலி என்று லிஃப்ட்டுக்காகக் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றவர், மூன்று மாடிப் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி, மூச்சு வாங்காமல், கோட்டின் பொத்தானைப் போட்டபடி வார்டு வாசலில் நிற்பார். முழங்கால் எங்கே போயிற்று? யாருக்குத் தெரியும்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அப்படிப்பட்ட ஓர் ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு ரூமில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவன் நான். நோயாளியின் ஃபைல் வேண்டுமென்றால் எங்களிடம் ஒரு சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர், பிரிவு, ஃபைல் எண், காரணம். மற்றவர்கள் காரணக் கட்டத்தில் 'ஆபரேஷன்', 'மறுபரிசோதனை' என்று ஏதாவது கிறுக்குவார்கள். அபூர்வப் பிரியர் மட்டும் அழகான கையெழுத்தில் 'கல்வி நோக்கம்' என்று எழுதுவார். அந்த இரண்டு சொற்களுக்குத் திறக்காத பூட்டு எங்கள் ஆஸ்பத்திரியில் கிடையாது.

அதோடு விடுவாரா? தனக்குப் பிடித்துப்போன ஃபைலின் அட்டையில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொல்வார். ஒட்டிவிட்டால் தீர்ந்தது. அந்த ஃபைலுக்கு உரியவர் அடுத்த முறை காது குடைச்சல் என்று வந்தாலும் சரி, கண்ணில் தூசி என்று வந்தாலும் சரி, பதிவுக் கவுண்டரில் இருப்பவர் முதலில் போன் செய்ய வேண்டியது அபூர்வப் பிரியருக்கு. காதுக்கும் கண்ணுக்கும் அப்புறம்தான். ஏன் என்று கேட்டால் சுற்றறிக்கையைக் காட்டுவோம். சுற்றறிக்கை ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

நம் பிரியருக்கு இருக்கும் விருப்பங்களிலேயே தலையாயது இடைப்பால் பாடம். இடைப்பால் என்றால் வேறொன்றுமில்லை, சிலருக்குப் பிறக்கும்போதே உடலின் பால் சம்பந்தமான அமைப்பு, பள்ளிப் புத்தகத்தில் ஆண் என்றும் பெண் என்றும் வரைந்திருக்கும் இரண்டு படங்களில் எதனோடும் அச்சு அசலாகப் பொருந்தாது. வெளியே தெரிவதும் உண்டு, ஆயுசு முழுக்கத் தெரியாமலே போவதும் உண்டு. அவர்களும் பஸ்ஸில் ஜன்னலோர இடத்துக்குச் சண்டை போடுகிறார்கள், பல் வலிக்கு அழுகிறார்கள், உங்களையும் என்னையும் போல. நாளைக்கு டாக்டராகவும் நர்ஸாகவும் ஆகப்போகிறவர்கள் இதைப் படிக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஐந்தரை வருடப் படிப்பில் இதற்கு ஒதுக்கியிருந்த நேரம் நாற்பது நிமிடம். அதில் பத்து நிமிடம் வருகைப்பதிவுக்கு.

மிச்ச முப்பது நிமிடத்தை அவர் நடத்தும் அழகைப் பார்க்க வேண்டுமே! ஃபைல்களைச் சுமந்துகொண்டு நானும் பின்வரிசையில் நிற்பேன். படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வரும். படத்தில் இருப்பவரின் கண்களுக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டை. அவ்வளவுதான். மனித உடம்பில் மறைக்க வேண்டிய உறுப்பு கண் ஒன்றுதான் என்பது இவர்கள் கண்டுபிடிப்பு. பிறகு ஹார்மோன், குரோமோசோம், பதினாறு நீண்ட பெயர்கள், முதல்வரிசையைச் சிரிக்கவைக்க ஒரு பழைய ஜோக். ஒருமுறை கண்ணாடி போட்ட ஒரு மாணவி கை தூக்கினாள்.

"சார், இவங்க நம்மகிட்ட வேற ஏதாவது வியாதிக்கு வந்தா, எப்படிப் பேசணும் சார்?"

"பேசறதா?" என்று அவர் யோசித்தார். "அது சிலபஸ்ல இல்லம்மா."

நம் கதைக்கு வருவோம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதிவுக் கவுண்டருக்கு ஒரு பெண்மணி வந்தார். நாற்பது வயது இருக்கும். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மாடிப்படியில் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்து, மணிக்கட்டு உடைந்துவிட்டது. விழுந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. பக்கத்து கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், "இன்னும் ரெண்டு நாள் விட்டா எலும்பு கோணலாக் கூடிடும். அப்புறம் ஸ்டியரிங் பிடிக்கறத மறந்துடுங்க. இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று சொல்லியிருக்கிறார்.

ஐந்து நாள் ஏன் பொறுத்தார்? பதினைந்து வயதில் ஒருமுறை அம்மாவோடு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தவர் அவர். வயிற்றுவலி என்று வந்தார். அன்று ஒரு கட்டிலைச் சுற்றிப் பதினெட்டுப் பேர் நின்றார்கள். அந்த ஃபைலில்தான் சிவப்பு ஸ்டிக்கர். அதற்கப்புறம் இருபத்தைந்து வருடம் அவர் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கை வீங்கி விரல்கள் நீலம் பாரித்த பிறகு, வேறு வழியில்லாமல் வந்திருக்கிறார்.

கவுண்டரிலிருந்து எண்ணை எங்களுக்குச் சொன்னார்கள். அட்டையில் சிவப்பு இருக்கிறது என்றோம். போன் பறந்தது. பழைய ஃபைலைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு நான் எலும்புப் பிரிவுக்குப் போய்ச் சேர்வதற்குள், அபூர்வப் பிரியர் அங்கே வந்து நின்றுவிட்டார். பின்னால் இருபத்திரண்டு மாணவர்கள்.

"வாம்மா, சௌக்கியமா?" என்றார், ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்போல. பிறகு அந்த அம்மாளின் தலைக்கு மேலாக மாணவர்களைப் பார்த்தார். "நல்லாப் பாத்துக்கங்க. இந்த மாதிரி சான்ஸ் உங்களுக்கு வாழ்க்கையிலயே திரும்பக் கிடைக்காது. கட்டில்ல படுத்துக்கோம்மா. சிஸ்டர், பேஷண்ட் கூச்சப்படறாங்க பாருங்க, திரையை இழுத்து விடுங்க."

சிஸ்டர் திரையை இழுத்தார். இருபத்திரண்டு பேரும் திரைக்கு உள்ளே இருந்தார்கள்.

"எதுக்கு டாக்டர் படுக்கணும்? உடைஞ்சது கை."

"கை கிடக்குதும்மா. அதுக்கு என்ன அவசரம்?"

"எனக்கு அவசரம் டாக்டர். கை இல்லேன்னா எனக்கு வேலை இல்ல."

"ரெண்டே நிமிஷம். இவங்கள்லாம் நாளைக்கு உன்னை மாதிரி எத்தனையோ பேருக்கு வைத்தியம் பாக்கப்போறவங்க. நீ ஒத்துழைச்சாத்தானே?"

என்ன நியாயம் பாருங்கள்! நாளைக்கு வரப்போகிற நோயாளிக்காக இன்றைக்கு வந்த நோயாளி காத்திருக்க வேண்டும். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து அந்தக் கண்ணாடிக்காரப் பெண், "சார், விரல் நீலமா இருக்கு சார்" என்றாள்.

"அதெல்லாம் எலும்பு டாக்டர் பாத்துப்பாரு."

எலும்பு டாக்டர் எங்கே? அவரும் உள்ளேதான் இருந்தார். மூன்றாவது வரிசையில், இரண்டு மாணவர்களின் தோளுக்கு நடுவே கழுத்தை நீட்டிக்கொண்டு, என்ன காட்டப்போகிறார்கள் என்று காத்திருந்தார். கிளினிக்கில் எடுத்த எக்ஸ்ரே கட்டிலின் ஓரத்தில் உறை பிரிக்காமல் கிடந்தது.

அந்த அம்மாள் எழுந்தார். எக்ஸ்ரே உறையை இடது கையால் எடுத்தார். கத்தவில்லை, அழவில்லை. "கொஞ்சம் வழி விடுங்க" என்றார். விட்டார்கள்.

நான் ஃபைலோடு பின்னாலேயே ஓடினேன். வராந்தாவில் நின்று திரும்பினார்.

"அது என்னோட ஃபைல்தானே?"

"ஆமாம்மா."

"இதை யார் யாரெல்லாம் பாத்தாங்கன்னு தெரிஞ்சுக்க முடியுமா?"

முடியும். சீட்டுகளைக் கடைசிப் பக்கத்தில் கோத்து வைப்பது எங்கள் வழக்கம். ஜன்னல் திட்டில் வைத்துப் புரட்டிக் காட்டினேன். தோல் பிரிவு, கல்வி நோக்கம். கண் பிரிவு, கல்வி நோக்கம். பல் பிரிவு, கல்வி நோக்கம். பல்லுக்கு இதில் என்ன கல்வி? எலும்புப் பிரிவு வேறு, இரண்டு தடவை. எலும்பைப் பற்றி அன்றைக்கு அந்த ஃபைலில் ஒரு வரிகூடக் கிடையாது. அவர் நிதானமாகப் படித்துக்கொண்டே வந்து ஒரு சீட்டில் விரலை வைத்தார்.

"இதுல எந்தப் பிரிவுன்னு போடலையே. யார் இவர்?"

கையெழுத்து என்னுடையது.

"நான்தாம்மா" என்றேன்.

"கல்வி நோக்கம்னு எழுதியிருக்கீங்க. என்ன படிச்சீங்க?"

கேலியாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஒரு மத்தியான வேளை, வேலை இல்லாதபோது, எல்லாரும் கேட்கிறார்களே அப்படி என்னதான் இருக்கிறது என்று எடுத்துப் புரட்டியவன் நான். என்ன படித்தேன்? அவமானமாக இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

"தப்புதாம்மா" என்றேன். "கட்டு மட்டும் போட்டுக்கிட்டுப் போங்க. கை போயிடும்."

"இந்தச் சிவப்பு ஸ்டிக்கரை எடுங்க, போட்டுக்கறேன். எடுக்கலைன்னா இப்படியே வீட்டுக்குப் போறேன். அடுத்த தடவை நெஞ்சு வலின்னு வந்தாலும் இதே கூட்டம்தானே வரும்?"

ஸ்டிக்கரை எடுப்பதற்கு ஒட்டச் சொன்னவரின் கையெழுத்து வேண்டும். இருபத்தாறு வருடத்தில் ஒரு பென்சில் கோட்டைக்கூட அனுமதி இல்லாமல் அழிக்காதவன் நான். அந்த அம்மாளின் விரல்களைப் பார்த்தேன். நகத்தால் ஓர் ஓரத்தைக் கிளப்பினேன். சனியன் லேசில் வருமா? அட்டையோடு பிய்ந்து, துண்டு துண்டாக வந்தது. அவர் பொறுமையாக நின்று கடைசித் துண்டு வரைக்கும் பார்த்தார்.

மாவுக்கட்டுப் போடும் அறையில் இருப்பவர் டாக்டர் இல்லை. படித்தது பத்தாம் வகுப்பு. "எந்தக் கைம்மா? எப்படி விழுந்தீங்க?" என்று கேட்டார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடுத்த அறையிலிருந்து அதே எலும்பு டாக்டரைக் கழுத்தைச் சுருக்கிக்கொள்ளச் சொல்லி இழுத்துவந்தார். இருவரும் சேர்ந்து எலும்பை நேராக்கினார்கள். "வலிச்சா சொல்லிடுங்க, நிறுத்திடறேன்" என்றார் கட்டுக்காரர், முகத்தைப் பார்த்து. அந்த நேரம் கதவருகே ஒரு குரல்.

"அக்கா, நான் உள்ள வரலாமா?"

கண்ணாடிக்காரப் பெண்.

"உங்களுக்கு என்ன தெரியணும்?"

"கட்டு எப்படிப் போடறாங்கன்னு பாக்கணும். நீங்க வேண்டாம்னா போயிடறேன்."

அந்த அம்மாள் தலையசைத்தார். "வாங்க. இந்த முழங்கையைப் பிடிச்சுக்கங்க, நடுங்குது."

அந்த வருடம் நடந்த இடைப்பால் வகுப்புகளில் உருப்படியானது இது ஒன்றுதான். நேரம் இருபது நிமிடம். மாணவர் எண்ணிக்கை ஒன்று. வருகைப்பதிவு எடுக்கவில்லை.

அபூர்வப் பிரியர் சும்மா இருப்பாரா? 'விலைமதிப்பற்ற கற்பித்தல் அடையாளம்' அழிந்ததற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஓலை வந்தது. 'பசை தரமில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். பசையை ஆராய ஒரு கமிட்டி போட்டார்கள். அது நான் ஓய்வு பெறும்வரை கூடவில்லை. அந்த அம்மாளின் கை நேராகக் கூடியது. ஒன்றரை மாதம் கழித்து, ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி, பக்கத்து இருக்கையில் வெலவெலத்துப் போயிருந்த ஒரு புதுமுகத்துக்காக ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்து ஒடித்துக்கொண்டு போனார். வலது கையால்.

இதைப் படித்து அந்தப் பேராசிரியரை நாலு வார்த்தை திட்டிவிட்டு, என்னையும் நாலு திட்டிவிட்டு, 'சே, மனுஷங்களா இவங்க' என்று பக்கத்தைப் புரட்டப்போகும் வாசகரே, ஒரு நிமிடம். உண்மையைச் சொல்லுங்கள். படிக்கும்போதே மனசின் ஓரத்தில் ஒன்று அரித்துக்கொண்டே இருக்கவில்லையா? எல்லாம் சரி, அந்த அம்மாவுக்கு அப்படி என்னதான், அதை மட்டும் இந்த ஆள் சொல்லாமல் ஏய்த்துவிட்டானே என்று? ஒருவேளை விட்டுப் போயிற்றோ என்று மேலே போய்த் தேடிக்கூடப் பார்த்திருப்பீர்கள். இருபத்து மூன்றாவது ஆளாகத் திரைக்குள் உங்களுக்கு இடம் இருந்தது.

அவருக்கு என்ன என்று நான் முதலிலேயே சொல்லிவிட்டேன் ஐயா. மணிக்கட்டு உடைந்திருந்தது.