மாமனார் அறை ஃபேன்

மூன்றாவது தடவையாக ஆட்டம் பாதியில் மறைந்தது. கார் கடைசி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. அடுத்த நொடி காரும் இல்லை, சாலையும் இல்லை, வெறும் முகப்புத் திரைதான் இளித்தது.

லிஃப்ட் மெக்கானிக் அசரவில்லை. இரண்டு மாடிக்கு நடுவே அடம்பிடித்து நிற்கிற லிஃப்டையே வழிக்குக் கொண்டுவருகிறவர். தன் கையால் பாகம் பாகமாகப் பூட்டிய புது கம்ப்யூட்டருக்கா பயப்படுவார்?

"பழுதுன்னு இருந்தா காரணம் இருக்கும். காரணம் இருந்தா அதுக்கொரு ஸ்க்ரூ இருக்கும்," என்றார் மனைவியிடம்.

"அந்த ஸ்க்ரூ உங்க தலையிலதான் இருக்குன்னு என் தம்பி சொல்றான்."

அந்தத் தம்பிதான் தலைவலி. கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். "என்கிட்ட விடுங்கத்தான், நான் செஞ்சு தரேன்" என்று வந்தவனை, "லிஃப்டை விடவா இது பெரிசு?" என்று திருப்பி அனுப்பியிருந்தார். பேச்சு முற்றிப் பந்தயமானது. ஞாயிற்றுக்கிழமை மச்சான் கண்முன்னால் ஒரு மணி நேரம் ஆட்டம் விழாமல் ஓட வேண்டும். ஓடினால் அவன் இனி வாய் திறக்கக் கூடாது. விழுந்தால் இவர் பெட்டியைச் சுமந்துகொண்டு அவன் கடைக்குப் போய், நாலு பேர் முன்னால், "எனக்குத் தெரியலப்பா, நீயே பாரு" என்று சொல்ல வேண்டும். 'தெரியல' என்ற சொல் அவர் வாயில் வந்ததாகச் சரித்திரமே இல்லை.

பெட்டியைப் பிரித்தார். மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பின்பக்க வயர்களையெல்லாம் ஒன்றுவிடாமல் பழையபடி செருகினார். பழைய வயரில்லாக் கீபோர்டின் சிக்னலை வாங்கும் நகமளவு ரிசீவரைக்கூட விடவில்லை. கீபோர்டு ஹால் அலமாரியில் கிடந்தாலும் அவசரத்துக்கு உதவும் அல்லவா?

ஆட்டம் மறுபடி விழுந்தது.

வெளியே வந்தால் ஹாலில் மாமனார் செஸ் பலகையை விரித்துக் காத்திருந்தார். மகள் வீட்டில் தங்க வந்தவருக்குப் பேச்சுத்துணைக்கு ஆளில்லை.

"மறுபடி நின்னுடுச்சா, மாப்பிள்ளை? சரி, ஒரு ஆட்டம் போடலாமா?"

"விண்டோஸ் ஏறற வரைக்கும் போடலாம், மாமா."

விண்டோஸை அடியோடு அழித்துப் புதிதாக ஏற்றியதில் மனைவி சேர்த்துவைத்திருந்த படங்களும் போயின. கம்ப்யூட்டருக்குத் தனி பிளக் வேண்டுமென்று ஃபிரிட்ஜைக் கழற்றியதில் பால் திரிந்தது. ஆட்டம் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது.

"சூடுதான் காரணம்," என்று முடிவுகட்டி, மாமனார் அறையிலிருந்த டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து பெட்டிக்கு நேரே வைத்தார். அன்றைக்குத்தான் இருக்கிறதிலேயே மோசம். உட்கார்ந்தால் விழுந்தது, எழுந்து உட்கார்ந்தாலும் விழுந்தது. புழுக்கத்தில் தூக்கம் வராத மாமனார், மடியில் பேப்பரை விரித்தபடி பகலெல்லாம் ஹாலிலேயே இருந்தார்.

"வயசானவர் ஃபேனைப் பிடுங்கி ஒரு தகர டப்பாவுக்கு வீசறீங்களே, நல்லா இருக்கா இது?" என்றாள் மனைவி.

அவருக்கே உறுத்தியது. ஞாயிறு காலையில் ஃபேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். சாப்பிட்டதும் மாமனார் படுத்துக் குறட்டைவிட ஆரம்பித்தார்.

மச்சான் வந்து கைகட்டி உட்கார்ந்தான். ஆட்டம் ஆரம்பித்தது. அதிசயம், விழவில்லை. வளைவுகள் வந்தன, பாலங்கள் வந்தன, கார் பறந்தது. மச்சான் நெளிந்தான், கடிகாரத்தைப் பார்த்தான்.

"அப்பா எங்கே, அத்தான்? சத்தத்தையே காணோம்?"

"தூங்கறார். அவரை எழுப்பாதே. இங்கே பாரு, கைராசி எப்படின்னு."

ஒரு மணி நேரம் முடியக் கொஞ்சம்தான் பாக்கி. மெக்கானிக் பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். லேசான சூடு. இவ்வளவு தூரம் வந்து கரையில் கவிழ்ந்துவிடக் கூடாது. காரை ஓரங்கட்டினார், பூனைநடை நடந்து மாமனார் தலைமாட்டிலிருந்து ஃபேனைத் தூக்கிவந்தார்.

"முன்ஜாக்கிரதைன்னா இதுதான் மச்சான், கத்துக்கோ."

மச்சான் முதல்முறையாகச் சிரித்தான்.

உள்ளே குறட்டை நின்றது. ஹாலில் நாற்காலி கிரீச்சிட்டது. கடைசி வளைவு, எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிகிறது, திரை வெறிச்சோடியது.

மெக்கானிக் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வேறு வழியில்லை, சொல்லித்தான் ஆக வேண்டும்.

"எனக்குத் தெரிய..."

கதவு திறந்தது. ஒரு கையில் செஸ் பலகை, மறு கையில் அலமாரியில் கிடந்த அந்தப் பழைய கீபோர்டு. மாமனார் மகனைப் பார்த்துச் சந்தோஷமாகக் கேட்டார்:

"ஏன்டா, ஆட்டத்தை மூடறதுக்கு நீ சொல்லிக் கொடுத்த ரெண்டு கட்டையையும் சேர்த்து அமுக்கிட்டேன், மாப்பிள்ளை இன்னும் செஸ் ஆட எழுந்து வரலையே?"