கெட்டிமேளம் இல்லாத கேசட்

பாட்டுக்குள்ளிருந்து மேளத்தை மட்டும் தனியாகப் பிடுங்கி எறிந்துவிடலாம் என்று நம்பிய மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எண்பதுகளில் தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கேசட் பதிவு செய்யும் கடை வைத்திருந்தார். தபேலா, தவில், டிரம்ஸ் எல்லாமே அவருக்கு 'டொம்மு'. அதனால் அவர் எங்களுக்கு டொம்மு அண்ணன். சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம்.

கடையை ஒட்டி ஒரு டிரங்குப் பெட்டிப் பட்டறை. விடிந்தால் பொழுது சாயும்வரை தகரத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். "நாளெல்லாம் இந்த எழவக் கேக்கறேன், பாட்டுலயுமாடா?" என்பார் அண்ணன். யார் எந்தப் பாட்டைக் கேட்டாலும் டொம்மைக் குறைத்துத்தான் பதிந்து தருவார். ஏரியூர் பஸ் டிரைவர் ஒருநாள் கேசட்டும் கையுமாக வந்து குதித்தார்.

"ஏனுங்க, பாட்டப் போட்டா பஸ்ஸே தூங்குதுங்க! டொம்மு எங்கீங்க?"

"எடுத்துட்டனுங்க."

"எடுத்து எங்க வெச்சீங்க? மொதல்ல அதக் குடுங்க!"

இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்துச் சிரித்தவன்தான் நான். என் அக்கா கல்யாணம் வரும்வரை.

கல்யாணம் பொம்மிடியில், எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டு. ரயிலில் வரவேண்டிய மேளக்காரர்கள் வரவில்லை. ரயிலே வரவில்லை. முகூர்த்தம் நெருங்க நெருங்க அப்பாவின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. அந்த நேரத்தில் மஞ்சள் பையோடு பந்தலுக்குள் நுழைந்தார் டொம்மு அண்ணன். பையில் அக்காவுக்குப் பரிசாக அவரே பதிந்த நாதஸ்வரக் கேசட். தெய்வமே வந்துவிட்டது என்று நினைத்து, அதைப் பிடுங்காத குறையாக வாங்கி சவுண்ட் செட்காரரிடம் கொடுத்தேன்.

நாதஸ்வரம் கிளம்பியது. அருமையாகத்தான் இருந்தது. ஆனால் ஏதோ குறைந்தது. டொம்மு அண்ணனிடம் ஓடினேன்.

"அண்ணே, தவிலு எங்கண்ணே?"

அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. "அந்த ரெக்கார்டுல நாயனம் எடப்பக்கம், தவிலு வலப்பக்கம்டா. வலப்பக்க வயர உருவி வுட்டுட்டுப் பதிஞ்சேன். அப்பவும் லேசா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஈக்வலைசர்ல ஒவ்வொரு குமிழா எறக்கி அமுக்கிட்டேன். அக்காளுக்காகக் கடையவே மூடிட்டு ஒக்காந்து செஞ்சது!"

அவர் சொல்லி வாயை மூடவில்லை. "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று விரலை ஆட்டினார் ஐயர்.

தாலி கட்டும்போது தும்மலோ அழுகையோ காதில் விழக்கூடாது என்றுதானே கெட்டிமேளம் கொட்டுகிறோம்? ஒலிபெருக்கியிலிருந்து ஒற்றை நாதஸ்வரம் கொசு மாதிரி நீளமாக இழுத்தது. அந்த அமைதியில், முன்வரிசையில் பொடி போட்டுக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா, பந்தலே அதிரத் தும்மினார்.

மாப்பிள்ளையின் கை தாலியோடு அந்தரத்தில் நின்றது.

"நிறுத்துங்க! சகுனம் சரியில்ல!" என்று எழுந்தார் பெரியப்பா.

"தும்முனது நீங்கதானுங்களே!" என்றார் அப்பா.

"நானா இருந்தா என்னாங்க? தும்மல் தும்மல்தான். இந்த முகூர்த்தம் வேண்டாம். எந்திரிடா!"

மாப்பிள்ளை பாதி எழுந்தேவிட்டார். அக்கா தலையை நிமிர்த்தவில்லை. மடியில் சொட்டுச் சொட்டாகக் கண்ணீர் விழுந்தது. டொம்மு அண்ணனைக் கொன்றுவிடலாம் என்று திரும்பினால் ஆளைக் காணோம். ஓடிவிட்டான் பாவி!

ஓடியது சமையல் கொட்டகைக்கு. காலி சாம்பார் அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தார். மணமேடைக்குப் பக்கத்தில் கவிழ்த்தார். இரண்டு கையிலும் இரும்புக் கரண்டி. அடித்தார் பாருங்கள் ஓர் அடி! டொம்மு! டொம்மு! டொம்மு! அது தவில் தாளமே இல்லை. டிரங்குப் பெட்டிக்கு ஆணி அடிக்கிற தாளம். வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டே கேட்டது கையில் அப்படியே இறங்கியிருந்தது.

பெரியப்பாவின் வாய் திறந்து திறந்து மூடியது. ஒரு சொல் கேட்கவில்லை. ஐயர் ஜாடை காட்ட, மாப்பிள்ளை சட்டென்று உட்கார்ந்து முடிச்சைப் போட்டுவிட்டார். அதற்கு நடுவே பெரியப்பா இன்னொரு முறை தும்மினார் என்றுதான் நினைக்கிறேன். அதுவும் யார் காதிலும் விழவில்லை.

தவில் இல்லாத கேசட்டுக்காக அண்ணனை அடித்திருக்க வேண்டிய அப்பா, அவரை முதல் பந்தியில் உட்கார வைத்துத் தன் கையாலேயே பரிமாறினார். உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துப்போய், சோற்றைப் பிசைய முடியாமல் தவித்தார் அண்ணன். நான் பக்கத்தில் போனதும் ரகசியமாகக் கேட்டார்.

"ஏன்டா, டொம்மு கொஞ்சம் தூக்கலா இருந்துச்சோ?"

போன வருஷம் என் மகள் கல்யாணம். பெரிய தவில் செட்டையே வரவழைத்திருந்தேன். கெட்டிமேளம் முழங்கியது. ஒரு குறையும் இல்லை. ஆனாலும் என் கண் சமையல் கொட்டகைப் பக்கமே போய்ப் போய் வந்தது. அண்ணன் இல்லையே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. நல்லவேளை, அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.