முயலுக்கு என்ன குறைச்சல்?

உயிரினங்களில் அக்கறைக்காரர் என்று ஒரு வகை உண்டு. காட்டில் தேடினால் அகப்படாது. வீட்டுக்கு ஒன்று, அலுவலகத்துக்கு இரண்டு என்று தாராளமாகக் கிடைக்கும். மற்றப் பிராணிகள் உயிர்வாழ உணவு, நீர், காற்று, ஒதுங்க ஓர் இடம் இருந்தால் போதும். இந்த வகை அவை நான்கும் இல்லாமல்கூட ஒருவாறு காலம் தள்ளிவிடும். ஆனால் அக்கறை காட்டப் பக்கத்தில் இன்னோர் உயிர் இல்லையென்றால் அன்றைக்கே மூச்சு முட்டிவிடும். அந்த இன்னோர் உயிருக்கு மூச்சு முட்டுகிறதா? அதையும் அவரேதான் வந்து விசாரிப்பார்.

நம் அக்கறைக்காரர் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு மேற்பார்வையாளர். சுவரில் தொங்கும் தீயணைப்பு உருளைகளின் முள் பச்சையில் நிற்கிறதா என்று பார்ப்பது வேலை. அது முடிந்ததும் மனிதர்களின் முள்ளைப் பார்க்கக் கிளம்பிவிடுவார். சாப்பாட்டு வேளையில் அடுத்தவர் டப்பாவைத் திறந்து, "இவ்வளவுதானா? உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்பார். டப்பா நிறைந்திருந்தால், "இவ்வளவா? உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்பார். மேசையில் தலைசாய்த்துக் கண்ணயர்ந்த கணக்கரைத் தோளில் தட்டி எழுப்பி, "தூங்குறீங்களா? தூங்குங்க, தூங்குங்க. தூக்கம் ரொம்ப முக்கியம்" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வார். வீட்டில் மனைவி குளிக்கப் போனால் கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்படும்.

"உள்ள காத்து வருதா?"

"வருது, வருது! போங்க!"

"பாத்தியா, காத்து பத்தலை. அதான் எரிச்சல் வருது."

இப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு ஒரு முயல் வந்து சேர்ந்தது.

கொண்டுவந்தவள் மகள். வேறு ஊருக்குக் குடிபோகும் தோழி ஒருத்தி அட்டைப்பெட்டியோடு அதை இவள் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சு உருண்டை; பெட்டியின் மூலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, உலகத்துக்கு முதுகைக் காட்டியபடி இருந்தது. "என் ரூம்லயே இருக்கட்டும்ப்பா. நானே பாத்துக்கறேன்" என்றாள். பாவம், கல்லூரியில் படிக்கிறாள். யாரிடம் எதைச் சொல்கிறோம் என்பதை மட்டும் அங்கே சொல்லித்தரவில்லை போலும்.

அன்றைக்கே அக்கறைக்காரர் விலங்குகளின் அடிப்படைத் தேவைகள் என்னென்ன என்று கைபேசியில் தேடிப் படித்தார். படித்ததை மனைவிக்கும் மகளுக்கும் அவர்கள் கண் செருகும்வரை வாசித்துக் காட்டினார். மறுநாள் கூண்டு வந்தது. காற்றுக்காக நாலு பக்கமும் கம்பிவலை, வெளிச்சத்துக்காகத் தலைக்கு மேல் ஒரு விளக்கு, எல்லோர் பார்வையும் படவேண்டுமென்று கூடத்தின் நட்டநடுவே இடம், காய்ந்த புல், கீரை, காரட், ஒரு கிண்ணத்தில் தண்ணீர், அது கவிழ்ந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொரு கிண்ணத்தில் தண்ணீர். அட்டைப்பெட்டி? "ஒரே இருட்டு. இதுல எந்த உசுரு இருக்கும்?" என்று குப்பைக்குப் போய்விட்டது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். இவர் அப்படியில்லை. அடிக்கொரு தரம் குனிந்து, நான்கு கால்களும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்ப்பவர்.

வாசலில் யார் தலை தெரிந்தாலும் விடமாட்டார். மாடிவீட்டுக்காரர், மின்கட்டணம் குறிக்க வந்தவர், விலாசம் தவறி வந்தவர் எல்லோரும் கூண்டைச் சுற்றி வரவேண்டும். "நல்லாப் பாருங்க. என்ன குறைச்சல் இதுக்கு?" அவர்கள் பார்த்தார்கள். முயலும் காதுகளை முதுகோடு ஒட்டவைத்துக்கொண்டு, இமை கொட்டாமல் அவர்களைப் பார்த்தது.

"எவ்வளவு அமைதி பாத்தீங்களா! எல்லாம் திருப்தி."

திருப்தி முற்றிப்போய் ஒரு நாள் முயல் சாப்பாட்டை நிறுத்தியது. காரட்டைத் துருவி வைத்தார். தொடவில்லை. துருவாமல் வைத்தார். தொடவில்லை. விளக்கை இன்னும் பிரகாசமாக மாற்றி, கூண்டுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டதுபோல் உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்ச நேரம் அதை விட்டுத்தான் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"விட்டுட்டா யாரு பாக்கறது?"

மறுநாள் காலையிலும் முயல் அப்படியே கிடந்தது. கூண்டில் புழுக்கை இல்லை. மகள் அதைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு கிளம்பினாள். அப்பா பின்னாலேயே போனார்.

கால்நடை மருத்துவர் ஓர் அம்மா. முயலின் வயிற்றில் காதை வைக்காத குறையாகக் கேட்டுப் பார்த்து ஊசி போட்டார். அக்கறைக்காரர் புல்லில் தொடங்கி விளக்கு வரைக்கும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். மருத்துவர் எல்லாவற்றுக்கும் தலையசைத்துவிட்டு, "ஒளிஞ்சுக்க எடம்?" என்றார்.

"ஒளியறதுக்கா? இது என்ன தப்பு பண்ணிச்சு, ஒளியறதுக்கு?"

"தப்பெல்லாம் பண்ண வேணாம் சார். முயலாப் பொறந்தா போதும். எல்லாரும் திங்கற பிராணி. யாராவது உத்துப் பாத்துக்கிட்டே இருந்தா, நம்மளத் திங்கப் போறாங்கன்னுதான் அதுக்குத் தோணும். அதுல எங்க பசிக்கும்?"

மருத்துவர் முயலைத் திரும்பத் துண்டில் சுற்றி மகளிடம் கொடுத்தார்.

"குடல் நின்னு போற நிலைமை. பொழுது சாயறதுக்குள்ள வாய் வைக்கணும். இல்லேன்னா திரும்பத் தூக்கிட்டு வாங்க, ஆனா என்னால உறுதி சொல்ல முடியாது. யாரும் பக்கத்துல போகாதீங்க. முக்கியமா நீங்க."

வீட்டுக்கு வந்ததும் மகள் முயலைத் தன் அறைக் கட்டிலுக்கு அடியில், போர்வை தொங்கும் இருட்டுக்குள் விட்டாள். ஒரு பிடி புல்லும் தண்ணீரும் வைத்தாள். வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

"யாரும் உள்ள போக வேணாம். நானும் போகல."

"நான் போகலம்மா. சும்மா இடுக்கு வழியா..."

"அப்பா." கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். "அது செத்துப் போச்சுன்னா நான் உங்ககிட்ட பேசவே மாட்டேன்."

அவர் பின்வாங்கினார். கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். உண்மையைச் சொல்லவேண்டும்: மனிதர் நடிக்கவில்லை. மதியச் சாப்பாடு தட்டிலேயே ஆறிப்போயிருந்தது. வாழ்நாளில் முதல் முறையாக, தான் ஒன்றுமே செய்யாமல் இருந்தால்தான் ஓர் உயிர் பிழைக்கும் என்கிற நிலைமை. அதைத் தாங்கும் பழக்கம் அவர் உடம்புக்கு இல்லை. சன்னலில் வெயில் மஞ்சளாகி, சிவந்து, மங்கிக்கொண்டே வந்தது. மகள் சுவரில் சாய்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போது கதவுக்குள்ளிருந்து, புல் நெரிபடுவதுபோல், நறுக்.

மறுபடி நறுக், நறுக்.

மகள் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கறைக்காரருக்குக் கண்ணில் நீர் திரண்டது.

"திங்குது," என்றார் ரகசியமாக. "திங்குதும்மா!"

"கேட்டுச்சுல்ல? எழுந்து வாங்க, ஒரு வாய் சாப்பிடுங்க" என்றாள் மனைவி.

"வர்றேன், வர்றேன். எவ்வளவு திங்குதுன்னு ஒரே ஒரு தடவை மட்டும்..." அதற்குள் அவர் கை கதவின் கைப்பிடிக்குப் போய்விட்டது.

நாகரிகம் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் எழுந்து போய்விட வேண்டும். முயல் சாப்பிடுகிறது, சத்தமும் கேட்டாயிற்று, இனி அதற்கு வேண்டியது யாருடைய கண்ணும் படாத கொஞ்சம் இருட்டு. ஆனால் நீங்கள் நகரக் காணோமே! அவர் கதவைத் திறந்தாரா, திறந்திருந்தால் முயல் என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்க்காமல் போக மனம் வரவில்லை, இல்லையா? நான் தப்பாக நினைக்கவில்லை. எல்லாம் ஓர் அக்கறைதானே.